ஜெபத்தில் ஒன்றுமே தோன்றவில்லை என்றால் கடவுள் விலகிவிட்டார் என்று அர்த்தமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காசிமேட்டில் வீடு. அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அம்மாவுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். நீங்கள் மணலியில் ஷிப்ட் வேலை. இரண்டு வருஷமாக ஜெபித்தும் "சுவர்கிட்ட பேசுற மாதிரிதான் இருக்கு" என்கிறீர்கள். சபையில் மற்றவர்கள் "கர்த்தர் என்கூட பேசினாரு" என்று சாட்சி சொல்லும்போது எழுந்து வெளியே போய்விடலாம் போல இருக்கிறது. அன்றாட வாழ்க்கையில் தேவ பிரசன்னத்தை எப்படி உணர்வது, சபைக்குப் போவதையே நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் போகிற போக்கில் கடைசியாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "என் விசுவாசம்தான் கம்மியா?" உங்கள் உண்மையான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். முறையைக் கேட்பதுபோல் தொடங்கி, குற்றம் உங்கள் பேரிலா என்று கேட்கிறீர்கள். ஆகவே முதலில் அதற்குப் பதில், பிறகு முறை.

நான் கத்தோலிக்க மரபில், இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் வழித் தியானங்களை நடத்தப் பயிற்சி பெற்றவன். உங்கள் சபையின் பழக்கம் வேறு. கீழே சொல்வதில் பெரும்பகுதி எந்தச் சபைக்காரருக்கும் ஒத்துவரும், ஒத்துவராததை விட்டுவிடுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. உணர்வு இல்லாததை வைத்து விசுவாசத்தை அளக்க முடியாது. அன்னை தெரசா 1997-இல் இறந்து பத்து வருஷம் கழித்து அவருடைய கடிதங்கள் வெளிவந்தன. ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஜெபத்தில் அவருக்கு இருட்டும் வெறுமையுமாகவே இருந்தது என்று அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அந்த ஐம்பது வருஷமும் அவர் காலையில் எழுந்து ஜெபித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார். இயேசுவின் சீடர் தோமாவைப் பாருங்கள். அவர் சென்னைக்கு வந்து பரங்கிமலையில் உயிர்விட்டார் என்பது பழைய மரபு. வரலாற்று நிரூபணம் என்று அதைச் சொல்ல மாட்டேன். யோவான் நற்செய்தியில் இருப்பது இது: மற்றவர்கள் எல்லோரும் கண்டோம் என்கிறார்கள், அவர் மட்டும் காணவில்லை, நம்ப மாட்டேன் என்கிறார். அப்படிச் சொல்லிவிட்டும் எட்டு நாள் கழித்து அதே வீட்டில், அதே கூட்டத்தோடு இருக்கிறார். அவர்களும் அவரைத் துரத்தவில்லை. பிரசங்கத்தில் சந்தேகத்தைப் பற்றி நிறையச் சொல்வார்கள், இந்த எட்டு நாளை விட்டுவிடுவார்கள்.

உங்கள் பக்கத்து ஊர்க் கதையையும் சொல்லலாம், மரபு வேறானாலும். திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாருக்கு, பிரிய மாட்டேன் என்று கொடுத்த சத்தியத்தை மீறிக் கிளம்பிய சிவனடியார் சுந்தரர் ஊர் எல்லையைத் தாண்டியதும் பார்வை இழந்தார் என்பது சைவ மரபு. தட்டுத் தடுமாறித் திருவெண்பாக்கம் போய், கோயிலில் இருக்கிறாயா என்று சிவனிடம் கேட்கிறார். உள்ளேயிருந்து "உளோம் போகீர்" (இருக்கிறோம், போங்கள்) என்று பதில் வருகிறது. பார்வை வரவில்லை, கையில் ஓர் ஊன்றுகோல் மட்டும் கிடைக்கிறது. அதை ஊன்றிக்கொண்டு காஞ்சிபுரம் வரை நடந்தபிறகு ஒரு கண், திருவாரூர் போனபிறகு மறு கண். (1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தபோது அந்தப் பழைய திருவெண்பாக்கம் நீருக்குள் போய்விட்டது. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் அதுவும் ஒன்று.) கேட்டது கிடைக்காமல், அடுத்த ஊர் வரை நடக்க வேண்டியது மட்டும் கிடைக்கிற அனுபவத்தை எல்லா மரபிலும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இப்போது, ஜெபத்தில் ஒன்றும் தோன்றாத இந்த வறட்சி ஏன் வருகிறது? இஞ்ஞாசியார் மூன்று காரணம் சொல்கிறார்: நாமே ஜெபத்தில் அசட்டையாக இருந்தது, பலன் இல்லாவிட்டாலும் நிற்போமா என்ற சோதனை, ஆறுதல் நம் சம்பாத்தியம் இல்லை, கொடை என்று தெரிய வைப்பது. மூன்றில் ஒன்று மட்டுமே நம் குற்றம் என்பதைக் கவனியுங்கள். அவரும் இதைச் சுகமாக உட்கார்ந்து எழுதவில்லை. 1522-இல் ஸ்பெயினில் மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்தபோது குற்ற உணர்ச்சி பிடுங்கித் தின்று, செத்துவிடலாம் என்று தோன்றும் அளவுக்குப் போனவர். இந்த மூன்றோடு அனுபவத்தில் நான்காவதாக ஒன்றையும் சேர்ப்பேன்: உடம்பு. நைட் ஷிப்ட் முடிந்து வந்து, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், நான்கு மணி நேரம் டயாலிசிஸ் முடியும்வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு ஜெபத்தில் ஒன்றும் தோன்றவில்லை என்றால் அதில் மர்மம் ஏதும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு போகாது, வீட்டில் காசும் வராது. அந்த மாதங்களில் மனசு இன்னும் இறுகும்.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றார். தூதன் வந்து ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பி இன்னொரு தடவை சாப்பிட வைத்தான். கடவுளின் மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் நாற்பது நாள் கழித்து. இந்த வரிசையை மாற்றாதீர்கள். தூக்கமும் சோறும் ஒழுங்காகும் வரை ஜெபத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இதிலேயே கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று. ஜெபத்தில் வறட்சி வேறு, மனச்சோர்வு நோய் வேறு. இரண்டும் ஒன்றாகவும் வரலாம். ஜெபம் மட்டும் வறண்டு, வேலை, சாப்பாடு, தோழிகளோடு சிரிப்பு எல்லாம் ஓரளவு நடந்துகொண்டிருந்தால் அது பெரும்பாலும் முதல் வகை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே பிடிப்பில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டது, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே பேசுங்கள். "விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு" என்று யார் சொன்னாலும், அவர் எந்த அங்கி போட்டிருந்தாலும், அந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

முறைக்கு வருகிறேன். கத்தோலிக்கர்கள் ஆன்ம சோதனை என்பார்கள். பெயர் பயமுறுத்தினாலும் வேலை எளியது: முடிந்த நாளைக் கடவுளோடு சேர்ந்து ஒருமுறை திரும்பிப் பார்ப்பது. பன்னிரண்டு நிமிஷம் போதும். ராத்திரி படுக்கையில் செய்யாதீர்கள், மூன்றாவது நிமிஷம் தூங்கிவிடுவீர்கள். ஷிப்ட் வேலைக்காரருக்கு நாள் முடிவது ராத்திரி என்றும் இல்லை; நைட் ஷிப்ட் என்றால் காலையில் கம்பெனி பஸ்ஸில் திரும்பும் நேரம்தான் உங்கள் ராத்திரி. வீட்டில் தனியிடம் கிடைக்காது என்று தெரியும். மொட்டை மாடி, மாடிப்படி, பஸ்ஸின் கடைசி சீட், எதுவானாலும் தினம் ஒரே இடமாக இருக்கட்டும். போனை சைலண்டில் போட்டுப் பைக்குள் வைத்துவிடுங்கள். கையில் இருந்தால் பன்னிரண்டு நிமிஷம் இரண்டாகிவிடும்.

முதல் ஒரு நிமிஷம் சும்மா இருங்கள், மூச்சு அடங்கட்டும். அடுத்த மூன்று நிமிஷம் நன்றி. இங்கே ஒரு நிபந்தனை உண்டு: "குடும்பத்துக்காக நன்றி, ஆரோக்கியத்துக்காக நன்றி" என்று மொத்தமாகச் சொல்லக் கூடாது. இன்றைக்கு மட்டும் நடந்த மூன்று. மதியம் கேன்டீனில் சாம்பார் சூடாக இருந்தது. அம்மாவுக்கு நர்ஸ் முதல் குத்திலேயே ஊசியைச் சரியாகப் போட்டார். லாரி நெரிசலில் ஷேர் ஆட்டோக்காரர் சந்து வழியாகத் திருப்பி நேரத்துக்குக் கொண்டுவந்து விட்டார். இவ்வளவு சின்னதாக இருந்தால்தான் வேலை செய்யும். பிறகு ஒரு நிமிஷம், ஒரே வாக்கியம்: இன்றைக்கு நான் பார்க்கத் தவறியதைக் காட்டும். அடுத்த ஐந்து நிமிஷம் நாளை மணி மணியாக ஓடவிடுங்கள். எழுந்தது, தண்ணீர் பிடித்தது, பஸ், கேட், சூப்பர்வைசர், சாப்பாடு, ஆஸ்பத்திரி. எந்த இடத்தில் மனசு கொஞ்சம் திறந்தது, எந்த இடத்தில் சுருங்கியது? அந்த இரண்டு இடத்தில் மட்டும் நில்லுங்கள். காரணம் தேட வேண்டாம். கடைசி இரண்டு நிமிஷம் அந்த இரண்டைப் பற்றிக் கடவுளிடம் நேராகப் பேசுங்கள்; மன்னிப்புக் கேட்க வேண்டியது இருந்தால் கேளுங்கள்; நாளைக்கு எது பயமாக இருக்கிறதோ அதை ஒரு வரியில் சொல்லி முடியுங்கள். முடிந்தபின் நோட்டில் இரண்டே வரி: திறந்தது எது, சுருங்கியது எது. மூன்றாவது வரி எழுதாதீர்கள். நீளமாக எழுத ஆரம்பித்தால் நாலாவது நாள் நின்றுவிடும்.

இது எங்கே கெட்டுப்போகும் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கட்டாயம் கெட்டுப்போகும். முதலாவது, பாவப் பட்டியலாக மாறிவிடும். நம் பக்கத்து வளர்ப்பு அப்படி. கண்ணை மூடினாலே என்ன தப்பு செய்தோம் என்றுதான் ஓடும். அதற்காகத்தான் நன்றியை முன்னால் வைத்திருக்கிறது. நன்றியைத் தாண்டிக் குதித்தால் மீதியெல்லாம் விசாரணை ஆகிவிடும். இரண்டாவது, அடையாளம் தேடும் வேட்டை. மூன்று தடவை ஒரே நம்பர் பிளேட் கண்ணில் பட்டது, திறந்த பக்கத்தில் இந்த வசனம் வந்தது என்று போவது. அது பிரசன்னத்தை உணர்வதைவிடச் சீட்டு எடுப்பதற்குப் பக்கமாகப் போய்விடும். மூன்றாவது, விட்ட நாளைச் சேர்த்துச் செய்வது. இரண்டு நாள் விட்டால் விட்டதுதான், மூன்றாம் நாள் அன்றைய பன்னிரண்டு நிமிஷம் மட்டும். நான்காவது, வறட்டு நாளில் சீக்கிரம் எழுந்துவிடுவது. இதற்கு இஞ்ஞாசியார் சொன்ன மருந்து விசித்திரமானது, ஆனால் பலிக்கிறது: வறண்ட நாளில் குறித்த நேரத்தைவிடக் கொஞ்சம் கூடவே இருங்கள். பன்னிரண்டு என்றால் பதின்மூன்று. அந்த ஒரு நிமிஷத்தில் எதுவும் நடக்காது. ஆனால் எழுந்து போவதா இருப்பதா என்று முடிவு செய்வது சலிப்பு இல்லை, நீங்கள் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

பகலுக்கு வேறு ஒன்று. நாள் முழுக்க கடவுளை நினைத்துக்கொண்டே இருப்பது யாராலும் ஆகாது, முயற்சி செய்தால் தலைவலிதான் மிச்சம். மூன்று இடங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள், தினமும் தவறாமல் வருகிற இடங்களாக. அடிபம்பில் முதல் குடம் நிரம்பும் நேரம், கம்பெனி கேட்டில் கார்டு தேய்க்கும் நேரம், டயாலிசிஸ் மெஷின் ஓடத் தொடங்கும் நேரம். அங்கே ஒரு மூச்சு, ஒரு சின்ன வாக்கியம், அவ்வளவுதான். வாக்கியத்தை வாரா வாரம் மாற்றாதீர்கள், குறைந்தது ஒரு மாதம் ஒன்றே இருக்கட்டும். அம்மா பக்கத்தில் இருக்கிற அந்த நான்கு மணி நேரத்தில் நீளமாக ஜெபிக்க வேண்டும் என்று உங்களை நீங்களே நெருக்காதீர்கள். போர்வையைச் சரிசெய்வது, கை வலிக்கிறதா என்று கேட்பது, அதையே கவனமாகச் செய்யுங்கள். கவனமாகச் செய்த சின்ன வேலையையும் ஜெபத்தையும் பழைய துறவிகள் பிரித்துப் பார்க்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் மடத்துச் சமையலறையில் பாத்திரங்களுக்கு நடுவே வேலை செய்த சகோதரர் லாரன்ஸ், கோயிலில் முழங்காலில் இருக்கும்போது எப்படியோ அப்படியே அடுப்படியிலும் கடவுளோடு இருப்பதாகச் சொன்னவர். பல வருஷம் பழகியபிறகுதான் அது அவருக்கு இயல்பானது.

கோபத்தை என்ன செய்வது? சொல்லிவிடுங்கள். சங்கீதம் 13-இல் ஆறே வசனம், முதல் இரண்டிலேயே "எதுவரைக்கும்" என்று பாடகன் கடவுளிடம் நான்கு தடவை கேட்கிறான். சங்கீதம் 88 இன்னும் கடுமை. விடிவு வராமலே முடிகிறது. இரண்டும் வேதாகமத்தில்தான் இருக்கின்றன, யாரும் வெட்டி எடுக்கவில்லை. 13-ஐ மாதிரியாக வைத்து நீங்களே எழுதலாம்: யாரிடம் பேசுகிறோம் என்று ஒரு வரி, என்ன வலி என்று இரண்டு வரி மழுப்பாமல், என்ன வேண்டும் என்று ஒரு வரி. கடைசியில் நம்பிக்கை வரி வரவில்லையென்றால் பொய்யாகச் சேர்க்காதீர்கள். 88 மாதிரி விட்டுவிடுங்கள்.

"கர்த்தர் பேசினாரு" என்கிற சாட்சிகளைப் பற்றி. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மனசில் எழும் ஒரு குரல் கடவுளுடையதா, ஆசையுடையதா, பயத்துடையதா என்று அந்த நொடியில் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. மரபில் ஒரு சோதனை உண்டு: நல்ல வழியில் போக முயல்கிறவருக்கு நல்ல தூண்டுதல் பஞ்சில் தண்ணீர் சொட்டுவதுபோல் சத்தமில்லாமல் இறங்கும், கெட்டது பாறையில் தெறிப்பதுபோல் ஆரவாரத்தோடு வரும். தப்பான வழியில் வேகமாகப் போகிறவருக்கு இது அப்படியே தலைகீழ், அதனால் தனியாக உட்கார்ந்து முடிவு கட்டாதீர்கள். முதலும் நடுவும் முடிவும் நல்லதாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நினைப்பு இனிப்பாகத் தொடங்கி, இரண்டு நாளில் அவசரத்திலும் பயத்திலும் கடனிலும் கொண்டுபோய் விட்டால் அதை ஒதுக்கிவிடலாம். "உங்க வீட்டுல ஒரு கட்டு இருக்கு, உடைக்கணும்" என்று சொல்லிக் காணிக்கைத் தொகையும் சொல்கிறவரிடமிருந்து சோதனையே இல்லாமல் ஒதுங்கிக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு ஏன் இந்த நோய் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. "எல்லாம் தேவ சித்தம்" என்று சொல்கிறவர்களிடம் அந்தப் பதில் இருப்பதாகவும் நான் நம்பவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழை வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி வலையும் படகும் கறுத்தபோதும் இதே கேள்வியைப் பலரும் கேட்டார்கள். மனிதர்கள் பொறுப்பேற்க வேண்டிய இடத்தில் கடவுளை இழுத்து நிறுத்துவது நியாயமில்லை. வேதாகமத்தில், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரி. வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபிறகுதான் எல்லாம் கெட்டது.

கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருவர் இதைப் படித்தால், தினம் நல்லதைத் தேடிப் பழகினால் நல்லது கண்ணில் படத்தான் செய்யும், இதில் கடவுள் எங்கே வந்தார் என்று கேட்பார். நியாயமான கேள்விதான். கவனத்தைப் பழக்கினால் பார்வை மாறும் என்பது உண்மை. அந்த மாற்றத்தைக் கடவுள் இருக்கிறார் என்பதற்குச் சான்றாக நான் காட்ட மாட்டேன். விசுவாசி அந்தப் பழக்கத்துக்குள் ஒருவரைப் பார்த்துப் பேசுகிறான், அதுதான் வித்தியாசம். அது பலிக்கிறதா என்பதை நெஞ்சில் வரும் இதத்தை வைத்துப் பார்க்கக் கூடாது. சில மாதம் கழித்து வீட்டில் நீங்கள் கத்துவது குறைந்திருக்கிறதா, உண்மை பேசுவது கூடியிருக்கிறதா, பக்கத்து வார்டுக்காரியின் கஷ்டம் காதில் விழுகிறதா என்று பாருங்கள். அம்மாவிடம் கேட்டால் உங்களைவிடச் சரியாகச் சொல்வார்.

சபையை விடலாமா என்பதற்கு இஞ்ஞாசியாரின் விதி தெளிவு: வறட்சியில் இருக்கும்போது, அதற்கு முன் தெளிவாக இருந்த காலத்தில் எடுத்த முடிவை மாற்றாதே. மாற்ற வேண்டியதாகவே இருந்தாலும் தெளிந்தபின் மாற்றலாம், எங்கேயும் ஓடிவிடாது. இதற்கு ஒரே விலக்கு, மருந்தை நிறுத்தச் சொல்லும், பணம் பிடுங்கும், அல்லது உங்களைக் கூட்டத்தில் நிறுத்தி அவமானப்படுத்தும் இடம். அங்கிருந்து விலகுவதற்குத் தெளிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அப்படியில்லை, சாட்சி நேரம் மட்டும்தான் தாங்கவில்லை என்றால் அந்த நேரத்துக்குப் பிறகு உள்ளே போய்ப் பின் பெஞ்சில் உட்காருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கூடவே ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள், மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் பேச. ஃபாதராகவோ பாஸ்டராகவோ இருக்க வேண்டும் என்றில்லை. கன்னியாஸ்திரியோ, சபையில் மூத்த ஒரு அம்மாவோ போதும். நீங்கள் பேசும்போது குறுக்கே வசனம் சொல்கிறவர் வேண்டாம். உங்கள் கதையை அடுத்த வாரம் ஜெபக் குறிப்பாக வெளியே விடுகிறவர் வேண்டவே வேண்டாம். நான்கு வாரம் நோட்டு எழுதிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தத்தையும் ஒரே மூச்சில் படியுங்கள். தினமும் தெரியாதது அப்போது தெரிய வாய்ப்பு உண்டு: ஒரே ஆளோ ஒரே நேரமோ திரும்பத் திரும்ப வந்திருக்கும். அதை அவரிடம் எடுத்துப் போய்ப் பேசுங்கள். நான்கு வாரமும் "சுருங்கியது" பக்கம் மட்டுமே நிரம்பியிருந்தால், அதை விசுவாசக் குறைவு என்று படிக்காதீர்கள். முதலில் மருத்துவரிடம் போங்கள், அம்மாவோடு உட்கார வாரத்தில் ஒரு நாளாவது வேறு ஆள் ஏற்பாடு செய்யுங்கள், பன்னிரண்டு நிமிஷத்தை ஐந்தாகக் குறைத்து நன்றியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மீதியை அடுத்த மாதம் பார்க்கலாம்.